ஆறுக்கு எத்தனைங்க அக்கா?

அக்கா,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தபோது உங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பக்கூடக் கூச்சப்பட்டவள் நான். 'சரிங்க அக்கா' என்று அடித்து, அதையும் அழித்து, கை கூப்புகிற பொம்மை ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விடுவேன். அப்படிப்பட்டவள், பதில் வராது என்று ஆன பிறகு பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வந்ததும் வராததுமாகக் கேட்டால் நன்றாக இருக்காது. நாலு வார்த்தை பேசிவிட்டுக் கடைசியில் கேட்கிறேன்.

இன்றைக்கு வகுப்பில் ஜன்னலோரக் கணினி மட்டும்தான் காலியாக இருந்தது. ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டியதும் தைலம் மணத்தது. உங்கள் நீலகிரித் தைலம். இரவு வேலை முடித்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வகுப்புக்கு வருவீர்கள். தலைவலிக்கு நெற்றியில் பூசுவது, காது வரை போய், அந்தப் பஞ்சில் ஊறிவிடும். "யாருங்க இது, ஹெட்போனுக்கு ஜலதோஷமா?" என்று சார் கேட்டது நினைவிருக்கிறதா? பஞ்சு இன்னும் மாற்றவில்லை. நான் கழற்றி வைத்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை எனக்குத் தேர்வு. வெளிநாட்டுக் கல்லூரியில் மேற்படிப்புக்கு இடம் தந்திருக்கிறார்கள். இந்த ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் போய்ச் சேர்ந்தால்தான் அது உறுதியாகும். பவானியில் எங்கள் தெருவில் டிகிரி முடித்ததே நான்தான் முதல் ஆள் என்பதால், அப்பாவின் லாரி நிற்கிற எல்லா டீக்கடையிலும் நான் ஏற்கெனவே விமானம் ஏறிவிட்டேன். பாக்கி இருப்பது ஒன்றுதான். மைக்கில் வாயைத் திறந்து பேச வேண்டும்.

சிங்காநல்லூரில் பேக்கரி மாடியில் இருக்கும் இந்த வகுப்புக்கு நான் வந்த முதல் நாள், கதவோரமாக நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகவா, திரும்பவா என்று தெரியவில்லை. பின்னாலிருந்து படிக்கட்டே அதிரும்படி ஒரு குரல்.

"ஏனுங்க அம்மணி, இங்கிலீசு கிளாஸ் இதுதானுங்களா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அப்பறம் ஏனுங்க வெளிய நிக்கறீங்க? உள்ள கடிக்கறாங்களா?"

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். வால்பாறை எஸ்டேட்டில் பிறந்து, பதினெட்டு வயதில் இங்கே பஞ்சு மில்லுக்கு வேலைக்கு வந்து, அந்தச் சம்பளத்தில் நர்சிங் படித்தவர் நீங்கள் என்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக, நாற்பது வயதுக்கு மேல் அதே தேர்வுக்கு வந்திருந்தீர்கள். "குளிர் நாடாமாங்க. எனக்கென்ன, அட்டைப் பூச்சி இல்லாத வால்பாறைன்னு நெனச்சுக்கறேன்."

உங்கள் குரல் அவ்வளவு பெரிதாக இருப்பது ஏன் என்று யாரோ கேட்டார்கள். "மில்லுல மெசினுக்கு மேல பேசிப் பழகின தொண்டைங்க. மெதுவாப் பேசுனா எனக்கே கேக்காது."

நாம் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தேர்வையே மாற்றிவிட்டார்கள். சார் வந்து பலகையில் பழையது, புதியது என்று இரண்டு கட்டம் போட்டார். வகுப்பே இழவு வீடு மாதிரி ஆனது. ஒவ்வொரு கேள்விக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்கள் நாம். நீங்கள் ஒருத்தர்தான் கை தூக்கினீர்கள்.

"சார், ஒவ்வொண்ணா சொல்லுங்க. நோயாளிக்கு மாத்திரையை மாத்தி எழுதுனா நாங்க கேட்டுத்தானுங்க குடுப்போம்."

வாசிப்பதிலும் கேட்பதிலும் இரண்டு பாதி. முதல் பாதியை நன்றாகச் செய்தால் இரண்டாம் பாதியில் கேள்விகள் கஷ்டமாக வரும், சுமாராகச் செய்தால் சுலபமாக வரும் என்றார் சார். எல்லோரும் இது என்ன அநியாயம் என்று முணுமுணுத்தோம். நீங்கள் தொடையில் தட்டிச் சிரித்தீர்கள்.

"இது எங்க ஆஸ்பத்திரிங்க! நல்லா வேலை செய்யற நர்சைப் பாத்துத்தானுங்க கஷ்டமான வார்டுல போடுவாங்க. சும்மா இருக்கறவளுக்கு ஓ.பி.ல டோக்கன் குடுக்கற வேலை." பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "கண்ணு, கேள்வி கஷ்டமா வந்துச்சுன்னா பயந்துபோடாத. நல்லா செஞ்சுட்டு இருக்கறேன்னு அர்த்தம்."

அடுத்து மதிப்பெண். நூற்றிருபதுக்கு என்று இருந்ததை ஆறுக்கு என்று ஆக்கிவிட்டார்கள். இதைத்தான் உங்களால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. "நூத்திருபதுக்கு நூறுன்னா நாலு பேருகிட்ட சொல்லலாமுங்க. ஆறுக்கு அஞ்சுன்னா ஒண்ணாங்கிளாஸ் டெஸ்டுன்னு நெனைப்பாங்க." அன்று மாலை அப்பாவுக்கு போனில் விளக்கினேன். ஆறுக்கு ஐந்து வாங்கினால் நல்ல மதிப்பெண் என்றேன். லாரி சத்தத்துக்கு நடுவே அப்பா, "அந்த ஒண்ணு எங்க போச்சு சாமி?" என்றார். மறுநாள் உங்களிடம் சொன்னேன். "உங்கப்பா என் கட்சி!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் கீழே பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

புதிதாக வந்த மின்னஞ்சல் கேள்வியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. புத்தகக் கடை தவறான புத்தகத்தை அனுப்பிவிட்டது, புகார் எழுது என்றார்கள். நாம் இருவரும் எழுதியதை சார் சத்தமாக வாசித்தார். உங்களுடையதில், அனுப்பிய புத்தகமும் மிக நன்றாக இருக்கிறது, நீங்கள் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று இருந்தது. என்னுடையதில் தொந்தரவு கொடுத்ததற்கு இரண்டு முறை மன்னிப்பு.

"புகார் எங்கீங்க?" என்றார் சார்.

"கடைசி வரியில இருக்குது பாருங்க சார். எடுத்த எடுப்புல எப்படிங்க ஒருத்தரைத் தப்புன்னு சொல்றது?"

கடைசி வரியில் 'முடிந்தால்' என்று மட்டும் இருந்தது. அதற்கு மேல் எழுத உங்களுக்கு மனசு வரவில்லையாம்.

ஆனால் உச்சம், தேர்வில் புதிதாக வந்த நேர்காணல்தான். திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தோன்றிக் கேள்வி கேட்பாள். எல்லாம் முன்பே பதிவு செய்தது. கேள்வி முடிந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும்; உடனே பேச வேண்டும். அவள் உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். நீங்கள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "குட் மார்னிங் மேடம். டிஃபன் ஆச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு, அவள் பதிலுக்காகக் காத்திருந்தீர்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சிரித்த முகமாகவே இருந்தாள். ஆகையால் நீங்களும் சிரித்தீர்கள்.

"அக்கா, அது ரெக்கார்டிங்குங்க!" சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டுமுங்க சார். மூஞ்சியைக் காட்டறாளே, ஒரு வார்த்தை கேக்காம எப்படிங்க?"

அடுத்த முறை டிஃபனை விட்டுவிட்டீர்கள். ஆனால் பதிலின் நடுவிலேயே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஓகே மேடம், அப்ப நான் வாரேனுங்க" என்று எழுந்து கும்பிட்டீர்கள். சொல்லிக்கொள்ளாமல் நேரம் முடிந்துவிடுமோ என்ற பதற்றமாம். சார் சொல்லிச் சொல்லி விசாரிப்பு போனது. விடைபெறுவது மட்டும் போகவில்லை.

நான் இதையெல்லாம் பக்கத்துத் தடுப்பில், என் கணினி முன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே, நானும் பேசினேன். அதுதான் எனக்கே ஆச்சரியம். உங்கள் குரல் அந்த அறை முழுக்க நிறைந்திருக்கும்போது, என் குரல் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வார்த்தை வரும். பயிற்சித் தேர்வில் மதிப்பெண்ணும் ஏறியது. நீங்கள் வராத நாளில் அறை அமைதியாக இருக்கும். என் குரல் மைக் வரை போகாது. மைக் கெட்டுவிட்டது என்று சார் புது மைக் வாங்கி மாட்டினார். அதிலும் ஒன்றும் பதிவாகாததால் வயரைக் குறை சொன்னார்.

உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கீழே தேங்காய் பன் தின்றுகொண்டே சொன்னீர்கள்: "அம்மணி, நான் கத்தறப்பத்தான் நீ பேசறே. தெரியும் எனக்கு. அதுக்குத்தான் இன்னும் கொஞ்சம் சேத்துக் கத்தறது. சார் திட்டறாரு, திட்டட்டும்."

என் பன்னில் பாதியைப் பிய்த்து உங்களிடம் நீட்டினேன். நீங்கள் ஏற்கெனவே முழு பன் வைத்திருந்தீர்கள். இருந்தும் வாங்கிக்கொண்டீர்கள்.

உங்கள் தேர்வுக்கு முந்தின வாரம் காய்ச்சல் என்றார்கள். நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருந்தார்கள். பார்க்க வந்தபோது உங்கள் குரலை முதன்முறையாகச் சின்னதாகக் கேட்டேன். உங்களிடம் வேலை கற்ற நர்ஸ் பெண் வந்து, "சிஸ்டர், வலி எப்படிங்க இருக்குது? பத்துக்கு எத்தனைங்க?" என்றாள்.

"பழைய முறையில சொல்லட்டுமா, புது முறையிலயா கண்ணு? புது முறைன்னா ஆறுக்கு அஞ்சு."

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, வாய்விட்டுச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். சிங்காநல்லூர் பஸ்ஸில் திரும்பும்போது அதைப் பத்துக்கு மாற்றிப் பார்த்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

நான் மறுபடி பார்க்க வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரெக்கார்டிங்கிடம்கூட 'வாரேனுங்க' சொல்லாமல் எழுந்திராத நீங்கள், என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கோபம்தான். உங்களைப் போலவே எனக்கும் புகார் எழுத வராது. ஆகையால் கடைசி வரியில் 'முடிந்தால்' என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அறை அமைதியாக இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் மில்லைப் பார்க்காதவர்கள். கொசு மாதிரி பேசுகிறார்கள். சார் நேற்று என் மைக்கை மூன்றாவது தடவையாகக் கழற்றி ஊதிப் பார்த்தார். நீங்கள் போனதிலிருந்து எல்லாமே கஷ்டமாகத்தான் வருகிறது. வரும்போதெல்லாம், முதல் பாதியை நன்றாகச் செய்திருக்கிறேன் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி நாள் நம்பவும் செய்கிறேன்.

நாலு வார்த்தைக்கு மேலேயே பேசிவிட்டேன். இனிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை, பக்கத்துத் தடுப்பில் வந்து உட்காருங்கள், அக்கா. திரையில் அந்தப் பெண் வந்ததும் முதல் தடவை போலவே அவளிடம் டிஃபன் ஆச்சா என்று கேளுங்கள். தெருவுக்கே கேட்கிற மாதிரி கேளுங்கள். அதற்குள் நான் பேசிவிடுகிறேன்.