எழுபத்தெட்டு என்றால் ஏ சித்தி

12.08.2023, சனி

கிளின்ரன் கூப்பிட்டான் என்று கண்டியில் அவன் வேலை செய்யும் ஹோட்டலுக்குப் போனேன். பத்தாம் வகுப்பில் விஞ்ஞானம் படிக்காமல் என் உயிரை வாங்கிய பிள்ளை. இப்போது அங்கே குடிவகைகளுக்குப் பொறுப்பான மனேஜர். உள்ளூர்ப் பழ வைன்களைச் சுவைத்து நூற்றுக்குப் புள்ளி போட வேண்டுமாம். ஹோட்டல்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குமாம். "கிறேஸ் டீச்சர் மூக்குக்கு முன்னால மெஷின் என்னத்துக்கு?" என்றான். ஐஸ் வைக்கிறான் என்று தெரிந்தும் போனேன்.

மேசைக்கு ஒரு நடுவர். போத்தலில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். என் மேசைக்கு மூன்று. இரண்டாவதை முகர்ந்ததுமே தெரிந்துவிட்டது, ராஜலிங்கத்தின் கொடித்தோடம்பழ வைன், பாஷன் ஃபுரூட் என்பார்களே, அது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பத்தொன்பது வருஷம் எனக்கு உதவியாளராக இருந்தவர். பென்ஷன் எடுத்தபின் லைசன்சுக்கு மூன்று வருஷம் அலைந்து தெல்தோட்டையில் இதைத் தொடங்கினார். புளிப்பு முதலில் நாக்கைக் கிள்ளுகிறது, பிறகு பழம் மெதுவாக வருகிறது. அருமை! தெரிந்தவர் என்று ஒரு புள்ளிகூடக் கூட்டவில்லை. எழுபத்தெட்டு. மற்ற இரண்டுக்கும் ஐம்பத்தைந்து, அறுபது.

பரீட்சையில் எழுபத்தைந்தைத் தாண்டினாலே ஏ சித்தி, அதற்கு மேல் தரமே இல்லை. என் கையால் எண்பது வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்?

19.08.2023

பட்டியல் வந்தது. மற்ற மேசைகளில் எண்பத்தொன்பது, தொண்ணூறு, தொண்ணூற்றொன்று. அள்ளி இறைத்திருக்கிறார்களே என்று கிளின்ரனிடம் கேட்டேன்.

"ஐயோ டீச்சர், வைன் மார்க்ஸ் ஐம்பதுலதான் தொடங்கும். எண்பத்தஞ்சுக்குக் கீழ போனா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. நான் சொல்லலையா?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"மாத்தலாம். பிழை விட்டுட்டேன்னு ஒரு கடிதம் எழுதித் தாங்க, எல்லா ஹோட்டலுக்கும் அனுப்புறேன்."

முப்பத்தொரு வருஷத்தில் நான் திருத்திய ஒரு தாள்கூட மீள்திருத்தத்தில் மாறியதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

22.08.2023

எழுதவில்லை.

27.08.2023

ராஜலிங்கம் குண்டசாலைக்கு, என் வீடு தேடி வந்தார். பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"எழுவத்தெட்டு போட்டிருக்காங்க டீச்சர். ஹோட்டல்காரங்க வேணாங்கிறாங்க. டவுன்ல வாங்கிக்கிட்டிருந்த கடையும் நிப்பாட்டிட்டாங்க. என்ன கொறன்னு நீங்களாவது சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

போட்டது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன் —

"கொஞ்சம் புளிப்புக் கூடவோ தெரியாது."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த நல்ல புளிப்பை! பெருமை, வேறென்ன? ஒரு குறை சொல்லாவிட்டால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்ற பேச்சு வருமே என்று பயந்தேன். மனுஷன் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். நன்றியாம்!

03.11.2023

போனில் ராஜலிங்கம். புளிப்புக் கொடிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு இனிப்புச் சாதி நட்டிருக்கிறாராம்; அது காய்க்கும்வரை இனிப்புப் பழம் வெளியில் வாங்குகிறாராம். நல்லது என்றேன்.

10.08.2024

இந்த முறை புள்ளி போட நான் போகவில்லை, முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். ராஜலிங்கத்தின் புது வைனுக்குத் தொண்ணூற்றொன்று. கிளின்ரன் ஒரு போத்தல் கொடுத்தனுப்பினான். சீனி, மரவாசனை, மறுபடியும் சீனி. இருமல் பாணி மருந்து மாதிரி இருக்கிறது. தொண்ணூறு வாங்கிய எல்லாமே இப்படித்தான் இருக்கின்றன.

நான் கெடுத்தேன். வேறு யாருமில்லை.

08.09.2024, ஞாயிறு

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சொல்ல வேண்டிய ஆள் ஃபாதர் இல்லை என்பதும் தெரியும்.

14.09.2024

தெல்தோட்டைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மூச்சு விடாமல். ராஜலிங்கம் புதுக் கொடிகளைக் கம்பியில் கட்டிக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப அன்னைக்கு ஒங்க மேசையில அதுதான் மொதலா டீச்சர்?"

"அதுதான். ஏ சித்தின்னு நினைச்சுத்தான் போட்டேன் ராஜலிங்கம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "ரத்தினம்மா! நம்ம பழைய வைனுக்கு டீச்சர் ஏ போட்டிருக்காங்க!"

"நான்தான் அப்பவே சொன்னேனே, நல்லாத்தான் இருக்குன்னு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பழைய கொடி ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் எரிச்சிட்டோம் டீச்சர்."

அவர் சந்தோஷப்பட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண்டி வரும்வரை பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

15.09.2024

கிளின்ரன் அன்று கேட்ட பிழைக் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். "இப்ப இது என்னத்துக்கு டீச்சர்?" என்றான்.

22.12.2024

ராஜலிங்கம் நத்தார் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். ஹோட்டல்கள் இன்னும் இருநூறு போத்தல் கேட்டிருக்கின்றனவாம். சந்தோஷம் என்றேன். வருஷப் பிறப்புக்கு வீட்டிலும் ஒன்று திறப்பீர்கள்தானே என்று சும்மா கேட்டேன்.



"விக்கிறதுக்கு நல்லாப் போகுது டீச்சர். வீட்டுல நாங்க குடிக்க சோடா வாங்கி வச்சிருக்கோம்."