சாப்பாட்டுப் பையில் இருந்த விண்ணப்பம்

அக்டோபர் 3

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம். நீயும் உன் முழங்காலும் நம் பட்டன் கடையும் எப்படி இருக்கிறீர்கள்?

நேற்று ஒரு மானக்கேடு. கிளம்ப இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, நான் அதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டேன். எவ்வளவு கனக்கிறது என்று பார்க்க, குளியலறையில் இருக்கும் எடை மெஷின் மேல் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். முள் தெரியவில்லை. பாதியைப் பெட்டி மறைத்தது, மீதியை என் வயிறு மறைத்தது. குனிந்து பார்க்கப் போய், பெட்டியும் நானுமாகக் கதவில் போய் முட்டினோம். மாப்பிள்ளை ஓடி வந்தார். மாமனார் பெட்டியோடு ஜோடி ஆட்டம் ஆடுவதைப் பார்த்தும் சிரிக்கவில்லை. தங்கமான பிள்ளை. "நீங்க அசையாம நில்லுங்க மாமா, நான் படிக்கிறேன்" என்று தரையில் உட்கார்ந்தார்.

மொத்தத்தில் என் எடையைக் கழித்தால், விமானத்தில் விடும் அளவைவிடப் பெட்டி ஐந்து கிலோ அதிகம். உனக்கு வாங்கிய கம்பளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். எல்லாம் முடிந்த பிறகு அவர் மெல்லக் கேட்டார்: "மாமா, உங்க எடைன்னு சொன்னீங்களே, அது எப்பப் பார்த்தது?" ஊரில் பார்த்தது. அந்த ஐந்து கிலோ பெட்டியில் இல்லை, என்மேல்தான் இருந்தது. உன் மகள் பாப்பா போடும் சாப்பாடு அப்படி. கம்பளி திரும்ப உள்ளே போய்விட்டது, பயப்படாதே.

ஆறு மாதத்தில் ஐந்து மாதம் ஓடிவிட்டது. வந்த புதிதில் பாப்பா எனக்கு ஊரைக் காட்டினாள். கடை, பூங்கா, பாலம் என்று நான் எதைப் பார்த்து வாயைப் பிளக்கிறேன் என்று பார்ப்பாள். இப்போது எங்கேயும் கூட்டிப்போவதில்லை. எதிரே உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள். நான் படுக்கும் அறை உண்மையில் இஸ்திரிப் பலகையின் அறை. அது ஐந்து மாதமாக வெளியே சுவரோரம் நிற்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

இதெல்லாம் முன்னுரை. விஷயம் வேறு. போனில் சொன்னால் உனக்குக் காது கேட்காது, உனக்காகக் கத்தினால் இவளுக்குக் கேட்டுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் பாப்பா என்னை அவள் பஸ் ஓட்டும் டிப்போவுக்குக் கூட்டிப்போனாள். சுத்தமென்றால் அப்படிச் சுத்தம். தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவனுக்கு அதைப் பார்த்தால் டிப்போ என்றே தோன்றவில்லை, ஆஸ்பத்திரி என்று தோன்றியது. டீ குடிக்கும் அறையில் பத்துப் பதினைந்து டிரைவர்கள். அதில் பாதி பெண்கள். பாப்பா என் தோளில் கையைப் போட்டு அவர்கள் பாஷையில் என்னமோ சொன்னாள். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

"என்ன பாப்பா சொன்னே?" என்று கேட்டேன்.

"நம்ம ஊர் டிப்போல என்னைச் சேர்த்துக்கச் சொல்லி, மேனேஜர் ரூம் வாசல்ல ரெண்டு மணி நேரம் நின்னு கெஞ்சினவர் எங்கப்பான்னு சொன்னேன்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்திருப்பார்கள்.

நான் நிற்கவில்லை. கெஞ்சவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன், ஊழியர்களின் பெண் பிள்ளைகளையும் டிரைவர் பயிற்சிக்கு எடுக்கிறார்கள் என்றதும் அவள் எழுதிக் கொடுத்தாளே விண்ணப்பம், அதை நான் கொடுக்கவே இல்லை. வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற கண்டக்டர், "என்னண்ணே, பையன் இல்லாத குறைக்குப் பொண்ணை ஸ்டியரிங்ல உட்கார வைக்கப் போறீங்களா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாளை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸை எடுக்கப் போய்விட்டேன். நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று தேதி போய்விட்டது. வீட்டுக்கு வந்து, எவ்வளவோ கெஞ்சினேன், வேண்டாமென்றுவிட்டார்கள் என்றேன்.

இத்தனை வருடம் உன்னிடமும் சொல்லவில்லை. திட்டு. ஆனால் பதில் போடு.

உன் டிரைவர்


அக்டோபர் 11

அன்புள்ள அவருக்கு,

கடிதம் கிடைத்தது. கம்பளியின் நிறம் என்ன என்று எழுதவில்லை. சாம்பல் நிறம் என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எனக்குக் காதுதான் கேட்காது. கண் நன்றாகத் தெரியும். அந்தச் சாப்பாட்டுப் பையை இத்தனை வருடம் யார் துவைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? குழம்புக் கறையோடு நாலாக மடித்து அடியில் கிடந்தது. அவள் கையெழுத்து. ஓரத்தில் அவள் போட்டோ, அந்த நீலச் சட்டை. பார்த்தேன். திரும்ப அதே இடத்தில் வைத்தேன். அடுத்த வாரம் துவைக்க எடுத்தபோது இல்லை. நீங்களே எங்கேயோ போட்டிருப்பீர்கள்.

ஏன் கேட்கவில்லை என்று இப்போது உங்களுக்குக் கோபம் வரும். அப்போது என் மனதில் நல்லவேளை என்று ஒரு நிம்மதி வந்தது. பெண் பிள்ளை வேளை கெட்ட வேளையில் பஸ் ஓட்டப் போக வேண்டாம், பாரத்தை அவரே தன் தலையில் ஏற்றிக்கொண்டார், நாம் நல்லவளாகவே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாளே. நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் உட்கார்ந்து ஆறுதல் சொன்னோமே. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. ஆகையால் உங்களைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. வேறு விஷயங்களுக்குத் திட்டிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. கை தட்டல் வாங்கிக்கொண்டு வராதீர்கள். கிளம்புவதற்குள் அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லலாம். ஆனால் அது உங்கள் வாயால் வந்ததாகாது.

ராத்திரி மாத்திரையை மறக்க வேண்டாம்.

உங்கள் செவிடி


அக்டோபர் 19

அன்புள்ளவளே,

கம்பளி சாம்பல் நிறம்தான். மாற்றியாகிவிட்டது. இப்போது ஊதா.

உன் கடிதத்தைப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். ஒன்பது வருடம் ஒரே வீட்டில் ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். நான் தனியாகச் சுமப்பதாக நினைத்து எனக்கு நானே பரிதாபப்பட்டது கொஞ்சமா?

சொல்லப் பார்த்தேன். முதல் தடவை அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "பாப்பா, அந்த டிப்போ விஷயம்..." என்று ஆரம்பித்தேன். கண்ணைத் துடைத்தபடி நிமிர்ந்து பார்த்தாள். அழுகிற மாதிரியே இருந்தது. "அங்கே டீ நல்லா இருந்துச்சு" என்று முடித்துவிட்டேன். இரண்டாவது தடவை துணி மடிக்கும்போது. மாப்பிள்ளை வந்துவிட்டார். வராமல் இருந்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன், அவர்மேல் பழி போட வேண்டாம்.

மூன்றாவது தடவை நேற்று. அவள்தான் பேச்சை எடுத்தாள். டிப்போவில் புது டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறார்களாம். மேனேஜர் இரண்டு முறை கூப்பிட்டு, உன் பெயரைக் கொடு என்றாராம். நவம்பர் ஐந்துதான் கடைசி நாள். நாள் முழுக்க ஓட்ட வேண்டியதில்லை, அவள் முதுகுவலிக்கும் நல்லது.

"கொடுத்துட்டியா?" என்றேன்.

"கொடுக்கலப்பா."

"ஏன்?"

தட்டில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். "நீங்க அவ்வளவு கெஞ்சியும் வேண்டாம்னு சொன்னாங்கல்ல? ஓட்டிக்கூடப் பார்க்காம சொன்னாங்க. அப்ப எங்கிட்ட எதையோ பார்த்திருக்காங்க. இங்க இன்னும் யாரும் அதைக் கண்டுபிடிக்கல. ஒரு பஸ்ஸை ஓட்டிட்டுப் போறது வேற, அடுத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்குறது வேற. அங்க போய் மாட்டிக்க வேண்டாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் பொய்யால் ஒரு வேலை மட்டும்தான் போனது என்று நினைத்திருந்தேன். இவள் அதை எடுத்துத் தன்மேல் ஒட்டிக்கொண்டு, கடல் தாண்டியும் கொண்டுவந்திருக்கிறாள்.

இப்போது சொன்னால் பெயர் கொடுப்பாள். ஆனால் அதற்கப்புறம் என் தோளில் கை போடுவாளா என்று தெரியாது. இந்தக் கிழவனின் கணக்கு அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

உன் டிரைவர்


அக்டோபர் 26

அன்புள்ள அவருக்கு,

இது நீங்கள் கிளம்புவதற்குள் வந்து சேர வேண்டும் என்று தபால் ஆபீஸில் நானே போய் நின்று போட்டேன். முழங்காலைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அவள் கோபித்துக்கொள்வாள். பேசாமல் இருப்பாள். நம் கல்யாணத்துக்குப் பிறகு நான் உங்களோடு பேசாமல் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறும். பிழைத்துத்தானே இருக்கிறீர்கள்?

தோளில் கை போடாவிட்டால் போகட்டும். அவள் தன்னைக் குறைவாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் அந்தச் சீட்டில் ஏறி உட்காருகிறாள். அது பெரிதா, உங்கள் தோள் பெரிதா?

திட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் தெரியும் என்று. தனியாக மாட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் செவிடி


நவம்பர் 2, விமான நிலையம்

அன்புள்ளவளே,

உன் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். வாசலிலேயே நீ கேட்பாய். நான் முகத்தைப் பார்க்காமல், களைப்பாக இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன் என்பேன். அப்புறம் என்பது இதுதான். நேரில் சொன்னால் நடுவில் பேசுவாய். கடிதம் என்றால் கடைசிவரை படிப்பாய்.

காலையில் மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பும்போது என் காலைத் தொட்டுவிட்டுப் போனார். போகிற வழியில் இஸ்திரிப் பலகையை எடுத்து என் அறையில் வைத்துவிட்டு, அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப வெளியே கொண்டுவந்தார். "இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றேன்.

பாப்பா லீவு போடவில்லை. யாரிடமோ மாற்றிக்கொண்டு, விமான நிலையம் போகும் பஸ்ஸையே இன்று அவள் எடுத்துக்கொண்டாள். "உங்களை நானே கொண்டுபோய் விடுறேன்பா, என் பஸ்ஸில" என்றாள். என் மகள் ஓட்டும் பஸ்ஸில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. ஆறு மாதமும், நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்றே தள்ளிவிட்டிருந்தேன்.

அவளுக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே ஒரு பலகை. எழுத்து புரியாவிட்டாலும் படம் புரிந்தது. வண்டி ஓடும்போது டிரைவரோடு பேசக் கூடாது. முப்பத்தொரு வருடம் என் முதுகுக்குப் பின்னாலும் அதுதான் தொங்கியது. அதை மதித்தே பழகியவன் நான். ஐம்பது நிமிடமும் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு சௌகரியம் பார்.

எப்படி ஓட்டுகிறாள் தெரியுமா? நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் கம்பியைப் பிடிக்காமல் பேப்பர் படித்துக்கொண்டு வந்தார். ஒரு தடவைகூட அவர் கால் நகரவில்லை. நான் ஓட்டும்போது ஜனங்கள் என் மாமியார் வரைக்கும் இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். இதையாவது சொல்லியிருக்கலாம்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். என் பெட்டியை அவளே இறக்கி வைத்தாள். "ரெண்டு நிமிஷம்தான்பா. உடனே திரும்பி எடுக்கணும்" என்றாள். சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டாள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு வந்த மாதிரி நின்றாள்.

"எப்படிப்பா ஓட்டுறேன்?"

இதுதான் சமயம் என்று தெரிந்தது. சொல்ல வேண்டியதைக் காலையில் பல் தேய்க்கும்போதே மனப்பாடம் செய்திருந்தேன். வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா?

"அந்தப் பாலத்துக்குப் பக்கத்துல திரும்பும்போது பின் சக்கரம் ஓரக்கல்லை உரசப் பார்த்துச்சு. கொஞ்சம் அகலமா எடுக்கணும்."

டிப்போவில் புதுப் பையன்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். வேறு ஒன்றும் இல்லாதபோது அது அப்படித்தான் பேசும்.

அவள் தலையை ஆட்டினாள். சிரித்தாள். "அதானேப்பா. அவங்க அன்னைக்கே கண்டுபிடிச்சிருக்காங்க" என்றாள். என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். என்னை, அவள். "மாத்திரையை மறந்துடாதீங்க. அம்மாகிட்ட கத்திப் பேசாதீங்க, பக்கத்துல போய்ப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு ஏறினாள். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடி வழியாக ஒரு கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். பாலத்துப் பக்கம் போகும் திருப்பத்தில் ரொம்ப அகலமாக எடுத்துக்கொண்டு போனாள்.

ஐந்தாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, வந்ததும் போன் போட்டுச் சொல்லலாமே என்று நீ சொல்வாய். சொல்லலாம். இந்தக் கடிதத்தை நீ பிரிக்கும்போது தேதி போயிருக்கும். அப்போதும் நான் தேதி போகட்டும் என்றுதான் காத்திருந்தேன். என்னை உனக்குத் தெரியும்.

கூப்பிடுகிறார்கள். வரிசையில் நிற்கப் போகிறேன்.

உன் டிரைவர்

பி.கு. மனப்பாடம் செய்திருந்தது இவ்வளவுதான்: "பாப்பா, உன்னை யாரும் வேண்டாம்னு சொல்லல. நான் கொடுக்கவே இல்ல."