ஊருக்குக் காட்டாத பாட்டு

என் செல்வி அக்காவுக்கு,

அங்கே போயும் யாரையாவது "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க" என்று நகர்த்தி உட்காரவைத்துக்கொண்டிருப்பாய். செத்த நேரம் அதை விட்டுவிட்டு நான் சொல்வதைக் கேள்.

நீ போனதிலிருந்து நீ படம் பிடித்த சங்கீத நிகழ்ச்சியை டிவியில் தினமும் காலையில் மறுபடி போடுகிறார்கள். நம் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. பேகம்பூர் பூட்டுக்கடை பாய் துக்கம் கேட்க வந்தார். "யம்மா, எனக்குச் சங்கீதம்னா கல்யாண வீட்டு மேளந்தான் தெரியும். ஒங்க அக்காதான் ஒக்கார வச்சுக் கேக்க வச்சுச்சு. இப்ப அது ஓடுறப்ப கடைக்கு ஆள் வந்தாலும், செத்த பொறுங்கன்னுருவேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காபி கொடுத்து அனுப்பினேன். வயிறு எரிந்தது அக்கா. அவர் கடைக்குப் பக்கத்துக் கோயிலில் வருஷா வருஷம் நவராத்திரிக்குப் பாடுகிறேன். என் பாட்டைப் பற்றி அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பாட்டு நம்மில் யாருக்கு வந்தது என்று உனக்கே தெரியும். பூ மண்டி வைத்திருந்த அப்பா இருவரையும் ஒன்றாகத்தான் பாட்டு டீச்சரிடம் சேர்த்தார். உனக்குச் சுருதி நிற்காது. மேல் ஸ்தாயிக்குப் போனால் இருமல் வந்ததுபோல நடிப்பாய். பாட வராத நீ சென்னைக்குப் போய்ப் பாட்டால் பேர் வாங்கினாய். பாட வந்த நான் இங்கே பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுக்கிறேன். இது என்ன நியாயம்?

குரல் உடைந்த பெரியவர், நேற்று முளைத்த சின்னப் பெண், எல்லாரையும் படம் பிடித்தாய். எனக்கு மட்டும் இடமில்லை. தங்கச்சி என்பதால் போட்டாள் என்று ஊர் பேசிவிடும், அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே அரித்தது வேறு. என் பாட்டு உனக்குப் பிடிக்கவே இல்லையா?

குற்றம் கண்டுபிடிக்கவே வாராவாரம் டிவி முன்னால் உட்காருவேன். ஒரு தடவை வசமாகச் சிக்கினாய். பாட்டு ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபு தாளத்தில் போகிறது. முன்வரிசை ரசிகரைக் காட்டுகிறாய், அவர் தொடையில் எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் போடுகிறார்! வேறு பாட்டுக்கு எடுத்ததைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறாய். உடனே போன் போட்டுக் கிழித்தேன். "அம்புட்டு ஊரும் பாத்துச்சு, நீ ஒருத்திதான்டி கண்டுபிடிச்ச" என்று சிரித்தாய். நீ கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

உன் கருமாதியன்று உன் படத்துக்கு முன்னால் ஒரு விருத்தம் பாடினேன். முடித்ததும் உன் கேமராமேன் ராசு, அந்தக் குஜிலியம்பாறைக்காரர், என்னிடம் வந்தார்.

"யக்கா, அந்தக் கொரலு நீங்கதானா?"

"எந்தக் குரலு?"

"பாடுறவங்க வர்றதுக்கு முன்னாடி லைட்டு, ஸ்பீக்கரெல்லாம் சரி பாப்போம்ல. அப்ப மேடம் ஒரு பாட்டைப் போட்டு விடுவாங்க. காலி ஹாலுல அது ஓடும். இத்தன வருசமும் அதே கொரலுதான். யாருன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க."

எப்போது பதிவு செய்தாய்? வீட்டில் நான் சாதகம் பண்ணும்போதா? ஊருக்கு அவர்கள் பாட்டு, காலி நாற்காலிகளுக்கு என் பாட்டா?

ராசு விடவில்லை. "இம்புட்டு நல்லாருக்கே, இவங்கள ஏன் மேடம் நாம எடுக்கலைன்னு ஒரு நா கேட்டுப்புட்டேன். 'எல்லாத்தையும் ஊருக்குக் குடுத்தாச்சு ராசு. இது ஒண்ணு எனக்கு மட்டும் இருக்கட்டும்'னாங்க."

அடிப்பாவி! என் பாட்டை ஊரோடு பங்கு போட உனக்கு மனசு வரவில்லை. அப்படியானால் இத்தனை காலம் பொறாமையில் வெந்தது நான் ஒருத்தி மட்டும் இல்லையா? சந்தோஷப்படுவதா, மாலை போட்ட உன் படத்தைக் கழற்றி வீசுவதா என்று தெரியாமல் பின்பக்கம் போய் அழுதேன். பிடித்திருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? இனி யாரோடு போய்ச் சண்டை போடுவேன்?

கருமாதிக்கு முன்பே டிவிக்காரர்கள் கேட்டிருந்தார்கள். உன் நினைவு நிகழ்ச்சியில், நீ படம் பிடித்த அதே மேடையில், நான் பாட வேண்டுமாம். நீ செத்துத்தான் எனக்கு அந்த இடம் கிடைக்க வேண்டுமா என்ற ஆத்திரத்தில் மாட்டேன் என்றுவிட்டேன். அது எந்தப் பாட்டு என்று ராசுவிடம் கேட்டுக்கொண்டேன். அவர் கிளம்பிப் போனதும் நானே போன் போட்டு, வருகிறேன் என்றேன்.

பாடுவேன் அக்கா, இது சத்தியம். நீ ஒளித்துவைத்த அந்தப் பாட்டையே ஊர் முழுக்கக் கேட்கப் பாடுவேன். உனக்கென்று ஒரு வரியைக்கூட மிச்சம் வைக்க மாட்டேன். பொறுக்கவில்லையென்றால் எழுந்து வந்து என்னை நிறுத்து.

உன் கூடப் பிறந்தவள்,
வளர்மதி
திண்டுக்கல்