ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாதது

அன்புக் கண்ணுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தைப் போனில் கேட்கத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதிக் கேட்கிறேன். வயிறு இழுக்கிறதா, தூங்குகிறாயா, மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா. இங்கே மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. பிளம்பர் தினமும் நாளைக்கு வர்றேன் என்கிறார், அம்மா அவருக்கு நாளைக்கு என்றே பேர் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதாய். பிள்ளைக்குக் குறை இருக்குமோ என்று ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்து, வயிற்றில் ஊசி போட்டு எடுத்த நீரில் செல் வளரவே இல்லையாம், மறுபடியும் குத்தணுமாம், எந்த மடையன் அதைத் தூக்கிட்டுப் போனானோ என்று திட்டினாய். அப்புறம், நீங்க சொன்னா செஞ்சுக்கிறேன்ப்பா என்றாய். நான் பேசவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். போகவில்லை. பொண்ணு கேக்குறா, ஊமைக்கோட்டான் மாதிரி நிக்கிறீங்களே என்று அம்மா வைதாள்.

அந்த மடையனின் வேலையைத்தான் நான் இருபத்திரண்டு வருஷம் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஆய்வகத்துக்குப் பெட்டி தூக்கினேன். ரத்தம், சளி, சதைத் துண்டு, எல்லாம் ஐஸில். நீ ஆறாவது படித்த வருஷம், ஒரு கோடை மத்தியானம், ஸ்கேன் அறை நர்ஸ் இரண்டு குப்பி தந்தார். வைக்கோல் நிறத்தில் தண்ணீர். வெயிலில் கெட்டுவிடக் கூடாதே என்று ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் புதைத்து வைத்தேன். அக்கறையாகத்தான் செய்தேன் கண்ணு. அந்த அக்கறைதான் கொன்றது. ஆய்வகத்து மேடம் பெட்டியைத் திறந்தபோது குப்பிக்குள் உறைந்திருந்தது. அண்ணே, இது ரத்தம் இல்ல, குழந்தையைச் சுத்தி இருக்குற தண்ணி, அதோட தோல்ல இருந்து உதிர்ந்த செல்லு இதுல உயிரோட இருக்கும், ரெண்டு வாரம் வளர்த்தாத்தான் குரோமோசோமை எண்ணிப் பார்க்க முடியும், உறைஞ்சா செத்துடும் என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்தக் குப்பிக்குரிய கர்ப்பிணிப் பெண்ணைத் திரும்ப அழைத்தார்கள். தாழ்வாரத்தில் பார்த்தேன். பச்சைச் செருப்பு. அவள் கைப்பையைக் கணவர் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடி ஊசி. இந்த முறை குப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஐந்தாம் நாள் அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. பிள்ளை தங்கவில்லை. ரிசல்ட் வந்தபோது அந்த உறையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவனும் நான்தான். கவுண்ட்டர்க்காரர் பிரித்து, குழந்தைக்கு ஒரு குறையும் இல்ல என்று வாசித்தார். பிறகு, இதை யார்கிட்ட குடுக்குறது என்று என்னைக் கேட்டார்.

ஊசியால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பல நூறு பேரில் ஒருத்திக்கு ஆகலாம், மற்றவர்களுக்கு ஆகாது. நம்புகிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ குப்பிகள் கொண்டுபோனேன். எனக்கு அந்த ஒருத்தியின் செருப்பு மட்டும்தான் தெரிகிறது.

அதனால் என்னைக் கேட்காதே. செய் என்று என் வாயில் வராது. வேண்டாம் என்றால் அது என் பயம், உன் நன்மை இல்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் எல்லாவற்றையும் கேள். தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளை எப்படி வந்தாலும் தூக்க என் கை இருக்கிறது. அந்தக் குப்பி விஷயத்தை நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் குழாயை மூட மறந்தாள். இன்னும் என்னோடு பேசவில்லை. நீயும் பேசாவிட்டால் அது நியாயம்தான்.

நீயும் உனக்குள் இருப்பதும் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஊசிக்கு ஒப்புக்கொண்டால், குப்பியை எடுத்துப் போகிறவரைக் கூப்பிட்டு, ஐஸ் வேண்டாம் என்று நீயே சொல். திட்டாமல் சொல். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா