திருச்செந்தூரில் எடுக்காத மொட்டை

அன்புள்ள சித்ரலேகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மூட்டுவலி நீங்கலாகச் சௌக்கியம், கிளாஸ்கோ குளிரில் நீயும் ரீபாவும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கக் காந்திமதியம்மை பார்த்துக்கொள்வாள். ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டது. கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஐந்து கட்டு அனுப்புகிறோம், பாதி நொறுங்கித்தான் வரும், பொரித்தால் தெரியாது.

போனில் சொல்ல வெட்கப்பட்டு இதை அந்தப் பார்சலுக்குள் வைக்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன் நீயும் ரீபாவும் ட்ரீம் பாப் என்று ஏதோ மேல்நாட்டுப் பாட்டுப் பாடப்போகிறோம் என வேலையை விட்டீர்களே, அந்த வாரமே உனக்குத் தெரியாமல் திருச்செந்தூர் முருகனிடம் வேண்டிக்கொண்டேன், நீ பாட்டை விட்டால் மொட்டை போடுகிறேன் என்று. முன்மண்டை அப்போதே காலி, பின்னால் இருந்த நாலு முடியைக் காட்டி முருகனிடம் பேரம் பேசிய ஆள் உன் அப்பன். நீங்களாகவே இரண்டு ஆல்பம் போட்டீர்கள், வேன் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனீர்கள். நாற்பது பேர் வந்தார்கள் என்று நீ குதித்தபோது நம் தெரு வளைகாப்புக்கே அதைவிடக் கூட்டம் என்றேன். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கிறது, மைக்கைக் கிட்டே வை என்று அறிவுரை வேறு. தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் பட்டா எழுதியவனுக்குத் தெரியாத சங்கீதமா!

போன வாரம் நீ, மூன்றாவது ஆல்பம் வேண்டாம், பொங்கல் கழிந்ததும் ரீபாவிடம் சொல்லிவிட்டு முழுநேர வேலைக்குப் போகிறேன், உங்களுக்கும் நிம்மதிப்பா என்றாய். மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். மொட்டை போடுகிறவர் தலையை நனைத்துக்கொண்டே, என்ன வேண்டுதல் அண்ணாச்சி என்றார். மக பாடுதத விட்டுட்டா என்றேன். அவர் கை நின்றுவிட்டது. அய்யய்யோ, பிள்ளைக்குத் தொண்டையில என்ன செய்யுது, குரல் திரும்பணும்னு நானும் கும்பிட்டுக்கிடுதேன் என்றார். அப்படியே ஈரம் சொட்ட எழுந்து வந்துவிட்டேன். உன் அம்மா, இப்பமாவது புத்தி வந்துச்சே உங்களுக்கு என்று காபி கொடுத்தாள்.

எனக்கு நிம்மதி இல்லை சித்ரா. உனக்கே அலுத்துவிட்டதென்றால் விடு, ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். எனக்காக விடுகிறாய் என்றால் வேண்டாம்மா. உன் பாட்டு பிடித்திருக்கிறது என்று பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாய். ஆனால் நீ பாடவில்லை என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இருவரும் தீர்க்காயுசாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. ரீபாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லிவிடவில்லையே?

உன் அப்பா,
ஆவுடைநாயகம்