வாய்க்கால் மூடி வரை

அம்மா,

இன்று காலை மார்க்கெட்டிலிருந்து வந்து பையைக் கூடத்தில் வைத்தேன். பை சாய்ந்து ஓர் எலுமிச்சம்பழம் வெளியே விழுந்தது. பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அது கூடத்தின் முழு நீளத்தையும் நிதானமாகக் கடந்து, திறந்திருந்த கதவு வழியாக வாய்க்கால் மூடியின் மேல் உருண்டு, தெருவில் போய் நின்றது. எதிர்வீட்டு மதலேன் அக்கா அதை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உங்க வீட்லேர்ந்து எல்லாம் தானா வெளிய போயிடுது பாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பழத்தை என் கையில் வைத்துவிட்டு வேகமாகத் திரும்பிப் போனார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பழத்தைக் கழுவிக் கூடையில் போட்டேன்.

நான் படித்த புத்தகங்களில் இப்படிப்பட்ட இடத்தில் யாராவது உடைந்து அழுவார்கள். நீ போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தட்டாஞ்சாவடி ஆபீசுக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன். பல் மருத்துவர் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவ்வப்போது என்னைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

இந்தக் கூடம் ஏன் வாசலை நோக்கிச் சரிந்திருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். உன் வேலையிலிருந்து தொடங்கினால்தான் அது அவர்களுக்குப் புரிகிறது.

நகராட்சியில் நீ ஓவர்சீயர். வீடு எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று அளந்து சொல்வது உன் வேலை. நம் தெருவுக்கான விதி எளியது. வாய்க்கால் மூடியின் விளிம்புவரை படி வரலாம். அதைத் தாண்டினால் ரோடு. தாண்டிய படிகளின் மேல் நீ சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பாய். பிறகு நோட்டீஸ், பிறகு பொக்லைன். ஆனால் கோடு போடும்போதே சொல்லிவிடுவாய்: "நீங்களே உள்ள வாங்கிக்குங்க. வண்டி வந்து இடிச்சா டைல்ஸ் கூட மிஞ்சாது." பலரும் திட்டிக்கொண்டே ஆள் வைத்து இடித்துக்கொண்டார்கள்.

மதலேன் அக்காவின் அப்பா இடிக்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல்லால், சொல்தா என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். அவர் வீட்டுப் படிகள் மூன்றில் கடைசிப் படி ரோட்டில் இருந்தது. காலை வெயிலுக்கு அவர் உட்காரும் இடம் அதுதான். நான் பள்ளிச் சீருடையில் நம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பெயிண்ட் டப்பாவோடு அந்தப் பக்கம் போனதும் மதலேன் அக்கா வெளியே வந்தார்.

"மகாராணி சொந்தத் தெருவுக்கே வந்துட்டாங்க."

"எங்க வீட்டுப் படிய மொதல்ல அளந்துட்டுத்தான் வந்தேன் மதலேன். அது மூடியோட நிக்குது."

"நிக்கும் நிக்கும். ஒனக்கு ரெண்டு படி போதும். எங்கப்பாவுக்கு உக்கார எடம் வேணும்."

நீ சொல்தாவைக் கைபிடித்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் கோடு போட்டாய். நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. பொக்லைன் வந்து அந்தப் படியை எடுத்தபின் சொல்தா ஜன்னலுக்கு உள்ளேயிருந்துதான் தெருவைப் பார்த்தார். மதலேன் அக்கா நம்மோடு பேசுவதை நிறுத்தினார்.

நீ ஓய்வு பெற்ற சில மாதங்களில் பக்கவாதம் வந்து உன் வலப்பக்கம் விழுந்துவிட்டது. நீ ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நான் தவளக்குப்பத்து மேஸ்திரியைக் கூட்டிவந்து, நம் இரண்டு படிகளையும் மூடிச் சக்கர நாற்காலிக்கு ஒரு சாய்தளம் கட்டினேன். வீட்டின் தரை உயரமானது. அதனால் சாய்தளம் வாய்க்கால் மூடியைத் தாண்டி ரோட்டில் நன்றாகவே நீண்டது. நான் அளக்கவில்லை. உன்னை எப்படி உள்ளே கொண்டுபோவது என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது.

ஆட்டோ வாசலில் நின்றது. உனக்குப் பேச்சு குழறிக்கொண்டிருந்த நாட்கள். ஆனால் இது மட்டும் தெளிவாக வந்தது.

"எவ்ளோ வெளிய வந்திருக்கு?"

"கொஞ்சம்தாம்மா."

"கொஞ்சம்னு ஒரு அளவு இல்ல."

எதிர்வீட்டில் கதவு திறந்தது. எத்தனையோ வருடம் கழித்து மதலேன் அக்காவின் குரல் நம் பக்கம் வந்தது. "ஊருக்கெல்லாம் கோடு போட்டீங்களே, இதுக்கு யாரு போடுவா?"

"நான்தான்" என்றாய். உன் வலது கை மடியில் சும்மா கிடந்தது. என்னைப் பார்த்து, "செங்கல்லு எடு" என்றாய்.

கட்டுமானத்தில் மிஞ்சிய செங்கல் துண்டை எடுத்து, மூடியின் விளிம்பை ஒட்டி, புது சிமென்ட்டின் குறுக்கே கோடு இழுத்தேன். ஆட்டோவுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தாய்.

"கோணலா இருக்கு. அழிச்சுட்டுப் போடு."

"ம்மா, எறங்குறீங்களா, இல்ல திரும்ப ஆஸ்பத்திரிக்கே வுட்டுடவா?" என்றார் ஆட்டோக்காரர்.

அன்று வேறு வழியில்லை. அந்தச் சாய்தளத்தின் மேல்தான் உன்னைத் தள்ளிக்கொண்டு போனோம். உள்ளே போகும்வரை நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய்.

உன்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் மறுநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். "மேடம், முடியாதவங்க இருக்கற வீடு. எழுதிக் குடுங்க, பாக்கலாம். யாரு கேக்கப்போறா?"

நீ இடக்கையால் எதிர்வீட்டைக் காட்டினாய். "அவ கேப்பா. கேக்கணும்."

அதற்குப் பிறகு அவர் தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

நீ கண்டுபிடித்த வழி எனக்குத் தோன்றியே இருக்காது. வெளியே போகமுடியாத சாய்தளம் வீட்டுக்குள் வரட்டும் என்றாய். ஓர் அடி உயரம் இறங்கப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நம் கூடம் குறுகலாக இருந்தாலும் நீளமானது. மேஸ்திரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, ஊட்ட வெட்டி ரோடு போடச் சொல்றீங்க?"

"ரோட்ட வெட்டி வீடு கட்டக்கூடாதுல்ல."

வெளியே கட்டியதை இடித்தார்கள். கூடத்துத் தரையை உடைத்தார்கள். நிலைப்படியை இறக்கினார்கள். கதவு தரைக்கு எட்டாமல் போனதால் அடியில் ஒரு பலகை அடித்தார்கள். இன்றுவரை அந்தப் பலகை மட்டும் வேறு நிறம். டிவி மேசைக்கு ஒரு பக்கம் முட்டுக் கொடுத்தோம். சோபாவில் உட்கார்ந்தால் மெதுவாக வாசலை நோக்கி நழுவிக்கொண்டிருப்போம். ஆனால் உன் நாற்காலி மூடியின் விளிம்பில் சரியாகப் போய் நின்றது. முதல் நாள் அங்கே நிறுத்தச் சொல்லி, குனிந்து சக்கரத்துக்குக் கீழே பார்த்தாய். சக்கரம் விளிம்புக்கு உள்ளே இருந்தது. "ம், போ" என்றாய்.

அதிலிருந்து தினமும் மாலையில் தெருவில் உன் ஊர்வலம். யார் வீட்டில் புதிதாக மணல் கொட்டியிருந்தாலும் நிற்கச் சொல்வாய். "அம்மா ரவுண்ட்ஸ் வந்தாச்சு, டேப்ப எடு" என்று மாடியிலிருந்து யாராவது கத்துவார்கள். நீ வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பாய்.

முதல் பெருமழையில் தெருத்தண்ணீர் கூடத்தின் பாதிவரை ஏறியது. நீ கட்டிலில் உட்கார்ந்தபடி தண்ணீர் எந்தக் கல்வரை வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாய். கூப்பிடாமலே துடைப்பத்தோடு உள்ளே வந்தார் மதலேன் அக்கா. நம் வீட்டுக்குள் அவர் வந்து நான் பார்த்தது அதுவே முதல்முறை.

"இன்னா மேடம், தண்ணி சட்டப்படி உள்ள வந்திருக்கு?"

"ஆமா மதலேன். அதுவாவது சொன்ன பேச்சக் கேக்குது."

இருவரும் சிரித்தீர்கள். அவர் தண்ணீரைத் தள்ள, நான் பழந்துணியால் ஒற்ற, நீ மேலே உட்கார்ந்து இங்கே அங்கே என்று காட்டிக்கொண்டிருந்தாய். சொல்தாவைப் பற்றி நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

உன்னை ஐஸ் பெட்டியில் வைத்தபோது அது நிற்கவில்லை. கொண்டுவந்தவர் தரையைப் பார்த்துவிட்டு, "மட்டமா இல்லியே" என்றார். இரண்டு காலுக்குக் கீழே செங்கல் வைத்தார். போதவில்லை. நான் கொல்லைக்குப் போய் இன்னும் இரண்டு கொண்டுவந்து கொடுத்தேன். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். பெட்டி நேராக இருக்கிறதா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி வீட்டை வாடகைக்கு விடலாம் என்கிறான். அவன் சென்னையில் இருக்கிறான், எனக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. "சரிஞ்ச வீட்டுக்கு யாருக்கா வருவாங்க? மொதல்ல தரைய மட்டம் பண்ணு" என்றான். நான் சரி என்றேன். உனக்கும் இதில் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். சரிவு உனக்கு ஒரு வழி மட்டும்தான். அதை நினைவுச்சின்னமாக வைத்துக்கொண்டால் நீயே சிரிப்பாய்.

அதே மேஸ்திரி இன்று மாலை வந்தார். டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார். கொஞ்ச நேரம் கதவடிப் பலகையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு வாசலுக்கு வந்தார்.

"மழத்தண்ணி வராம தரைய அர அடி ஏத்திடுவோம். பழைய மாதிரி ரெண்டு படி பத்தாது. மூணு வரும். ஒண்ணு மூடியத் தாண்டி ரோட்டுல நிக்கும்."

"ரோட்டுலயா?"

"ஒரே படிதானம்மா. இப்ப யாரு கேக்கப்போறா?"

அவர் தவறாக எதுவும் சொல்லவில்லை. கேட்பதற்கு யாரும் இல்லை என்பது உண்மை. தெருவில் பால்காரர் போனார். எங்கோ குக்கர் விசில் அடித்தது.

பிறகு கொல்லைக்குப் போனேன். உன் பெட்டிக்கு அடியில் வைத்த செங்கற்கள் அங்கேதான் கிடந்தன. ஒன்றின் மூலையை உடைத்து எடுத்துவந்து, வாசலில் மண்டியிட்டு, வாய்க்கால் மூடியின் விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுத்தேன்.

மேஸ்திரி கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிம்மா. மூணாவத உள்ளயே வெச்சிடுறேன்" என்று டியூபைச் சுருட்டினார்.

எதிர்வீட்டு வாசலில் நின்று மதலேன் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். தெருவைக் கடந்து வந்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு குனிந்து, கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"கோணலா இருக்குடி" என்றார். "உங்கம்மா போட்டா நூல் புடிச்ச மாதிரி இருக்கும்."

உள்ளங்கையால் அழித்துவிட்டு, மறுபடியும் போட்டேன்.