பொம்மையின் உயரம் என்ன?

பிப்ரவரி 4

மருமகளே,

கோர்ட்டில் எல்லாம் முடிந்த பிறகு உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பழகிய வாய், பழைய முறையிலேயே எழுதுகிறேன். போன் வேண்டாம், எழுதினால் படிப்பேன் என்றாய். நான் கடிதம் எழுதிப் பழகியது வராத சரக்கை விசாரிக்கத்தான். அந்த வாடை அடித்தால் பொறுத்துக்கொள்.

கடைக்கு மாதிரிப் பெட்டி வெட்ட நீ ஓட்டிய கட்டிங் மெஷின் பின்னறையில் கிடந்தது. தூசி தட்டி எடுத்தேன். என் பேத்தி சுண்டெலிக்குப் பொம்மை வீடு செய்கிறேன். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. நம் மாடி வீடு அப்படியே. நாற்பது வருஷமாக அட்டைப்பெட்டி விற்கிறவன், தொட்டாலே எத்தனை அடுக்கு என்று சொல்வேன். அந்தப் பெருமை இந்த மெஷினிடம் செல்லுபடியாகவில்லை. கத்தி பாதி அட்டையோடு நின்றுவிடுகிறது. கீழே இருக்கிற ஒட்டும் ஷீட் பிடிக்காமல் அட்டை நகர்ந்து, ஜன்னல் வாசலில் வந்து விழுகிறது. சுவருக்கு ஒட்டப் பிரிண்டரில் அடித்த பூத்தாள் ஒவ்வொரு சுவரிலும் ஒரு விரல் குறைகிறது. பிரிண்டரைத் தட்டிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். உன் அத்தை இருந்திருந்தால் இதற்குள் என்னையும் மெஷினையும் சேர்த்துத் தெருவில் வைத்திருப்பாள்.

தீர்ப்பில் தாத்தாவுக்கென்று ஒரு வரியும் இல்லை. அது எனக்குத் தெரியும். அதனால் உரிமையாகக் கேட்கவில்லை. அவள் கொண்டுபோன மொட்டைப் பொம்மை எத்தனை சென்டிமீட்டர்? அது தெரியாமல் வாசற்கதவு வெட்ட முடியாது.

மாமா

பிப்ரவரி 15

மாமாவுக்கு,

இரண்டு பேரும் சௌக்கியம். எனக்கு ஓர் அச்சகத்தில் வேலை. அவளுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது.

பிரிண்டரைத் திட்டாதீர்கள். 'தாளுக்குள் அடக்கு' என்ற இடத்தில் டிக் விழுந்திருக்கும். அது யாரையும் கேட்காமல் நூற்றுக்கு நாலு சுருக்கிவிடும். டிக்கை எடுத்துவிட்டு நூறு சதவீதம் போடுங்கள். பளபளப்பான தாள் வேண்டாம். வெட்டும் இடத்தைக் காட்ட மூலையில் அடிக்கிற கறுப்புக் குறிகள் மெஷின் கண்ணுக்குத் தெரியாது. கத்தியிடம் ஒரே வெட்டில் வேலையை முடிக்கச் சொல்லாதீர்கள். அழுத்தத்தைக் குறைத்து, அதே கோட்டில் ஆறு தடவை ஓட விடுங்கள். அட்டையின் நாலு ஓரத்துக்கும் மாஸ்கிங் டேப் போடுங்கள்.

அவளுக்கு எதுவும் அனுப்பியே ஆக வேண்டும் என்றில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேத்தியின் அம்மா

பிப்ரவரி 24

மருமகளே,

நீ சொன்னதெல்லாம் பலித்தது. ஆறு தடவை ஓடவிட்டால் வெண்ணெய் மாதிரி வெட்டுகிறது. ஆனால் நீ எழுதியதில் பொம்மையின் அளவு மட்டும் இல்லை. மறந்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீ மறக்கிற ஆள் இல்லை என்பதும் தெரியும்.

கடையில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் வாசலுக்குப் போகச் சொல்கிறது. போஸ்ட்மேன் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கமாக நடக்கிறார். வெட்டினதையே திரும்ப வெட்டுகிறேன். சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் இதுவரை பன்னிரண்டு கால்.

அளவெடுக்க மாடிக்குப் போனேன். "எதுக்குப்பா டேப்போட வந்திருக்கீங்க, வீட்டை விக்கப் போறீங்களா?" என்றான் என் மகன். "உன் பொண்ணுக்கு அனுப்பப் போறேன்டா" என்றேன். "முழு வீட்டையுமா?" என்றான்.

செய்தவரை போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். படுக்கையறை பீரோவைப் பார், கைப்பிடிகூட இருக்கிறது. சுவரை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதே இடைவெளி. சுண்டெலி போய் உட்காருகிற பொந்தாயிற்றே, நூல் பிசகாமல் விட்டிருக்கிறேன். பொம்மையின் உயரத்தை மட்டும் எழுது.

மாமா

மார்ச் 5

மாமாவுக்கு,

படத்தை அவளிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன். "நல்லாருக்கு" என்றாள். பிறகு, "பீரோவுக்குப் பின்னாடி எடம் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கு என்றேன். மொட்டையை எடுத்துக்கொண்டுபோய்த் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அவள் அப்பா கத்தத் தொடங்கும்போதெல்லாம் அந்த இடுக்கில்தான் போய் உட்காருவாள். அவள் அங்கே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் சுண்டெலி என்று பேர் வைத்தீர்கள். எல்லாரும் சிரித்தோம், நானும்தான். ஏன் போய் உட்காருகிறாள் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கீழே உங்களுக்குக் கேட்டிருக்கும் மாமா. நடுவில் இருந்தது ஒரு தளம்தானே.

அந்த வீடு எங்களுக்கு வேண்டாம். பெரிதாகவும் வேண்டாம், சின்னதாகவும் வேண்டாம்.

அவள் அம்மா

மார்ச் 19

மருமகளே,

கேட்டது. ஒவ்வொரு தடவையும் கேட்டது. நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

மேலே நல்ல பெட்டியை அடுக்கி அடியில் நைந்ததை வைத்து விற்கிறவனை நான் கடைப்படி ஏற விட்டதில்லை. என் வீட்டில் அதை நானே செய்திருக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதினால் உன்னிடம் இன்னொன்று கேட்டதாக ஆகும். அதனால் எழுதவில்லை.

வீட்டைப் பிரித்துவிட்டேன். முதலில் பீரோவை. மாடிக்குப் போய் அவனிடமும் சொன்னேன்: "நீ கத்தினே, நான் காது கேக்காத மாதிரி இருந்தேன். ரெண்டும் ஒரே லோடுடா." அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் இறங்கி வந்துவிட்டேன். அதற்கப்புறம் மெஷின் எதிரில் நின்றுகொண்டேதான் இருந்தேன், கை எதையாவது வெட்டு என்றது.

இப்போது பதினாறு சுவர் இருக்கிறது. பூத்தாள் இல்லை, வெறும் வெள்ளை. எதையும் ஒட்டவில்லை. ஒன்றில் ஒன்று செருக ஓரங்களில் பள்ளம் மட்டும் வெட்டியிருக்கிறேன். எந்தச் சுவரையும் எங்கேயும் நிறுத்தலாம், பிடிக்காவிட்டால் பிடுங்கலாம். ஜன்னல் தாராளமாக விட்டிருக்கிறேன். அது எந்த வீடு என்பதை அவள் சொல்லட்டும். கதவு மட்டும் வெட்டவில்லை. அதன் அளவு உங்களிடம் இருக்கிறது.

வேண்டாமென்றால் பதில் போடாதே. கேட்டு இன்னொரு கடிதம் வராது. மெஷின் உன்னுடையது, வேனில் ஏற்றி உன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.

மாமா

ஏப்ரல் 9

மாமாவுக்கு,

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்று வாரமாக உங்கள் கடிதம் என் கைப்பையிலேயே அச்சகத்துக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தது. அதில் நீங்கள் சுண்டெலி என்ற பேரை எழுதவில்லை. அதைக் கவனித்தேன்.

நேற்று அவளிடம் சொன்னேன், "தாத்தா வெறும் சுவரா வெட்டி வெச்சிருக்காராம்."

"பீரோ?"

"அதைப் பிரிச்சுட்டாராம்."

வீட்டுப்பாடத்தை எழுதி முடித்தாள். பிறகு ஸ்கேலையும் மொட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் அதை மேஜைமேல் உட்கார வைத்து அளக்கப் போனேன். "நிக்க வெச்சு அளக்கணும்மா, அப்பதானே கதவு சரியா வரும்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

பதினாலரை சென்டிமீட்டர். தொப்பி போட்டால் பதினாறு. தொப்பியோடு நுழைய வேண்டுமாம். கதவு உள்ளேயிருந்தும் திறக்க வேண்டும், வெளியேயிருந்தும் திறக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி எழுதச் சொன்னாள்.

மெஷினை வேனில் அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்களே எடுத்து வாருங்கள். நீங்கள் மட்டும். கதவை அங்கே வெட்ட வேண்டாம். இங்கே வந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெட்டுங்கள்.

மருமகள்